சிந்த் வாங்குறதுக்கு முன்னாடி கோளாறு எங்கன்னு பாருங்க: வீட்டு ஸ்டுடியோவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுல ஹார்டுவேர் சிந்த் (சிந்தசைசர்) வெச்சு எலக்ட்ரானிக் மியூசிக் பண்றவங்க அதிகமா கேக்குற கேள்வி "அடுத்து எதை வாங்கலாம்"ங்கறதுதான். ஆனா கொஞ்சம் பேச்சு கொடுத்துப் பார்த்தா உள்ள வேற ஒண்ணு இருக்கும், சவுண்டு மெலிசா வருது அதனால பெரிய சிந்த் வேணும், வாசிக்கிறது லேட்டா கேக்குது அதனால புது இன்டர்ஃபேஸ் வேணும், ஒரே இரைச்சல் அதனால காஸ்ட்லி கேபிள் வேணும்னு போகும். இதுல நிறைய விஷயம் ஒரு சாதா கேபிள்லயோ ஒரு செட்டிங்லயோ முடிஞ்சிடும். முடியாதப்பதான் நிஜமாவே வேற சாமான் வேணும், அப்போ எதைப் பார்த்து வாங்கணும்ங்கறதையும் அந்தக் கோளாறே சொல்லிடும். அதனால அறிகுறி வாரியா எழுதறேன், உங்களுக்கு எது இருக்கோ அங்க நேரா போயிடுங்க.

ஒரு லேப்டாப், ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி ரெண்டு இன்புட் இருக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் (சவுண்டை லேப்டாப்புக்கு உள்ள வெளிய கொண்டு போற பெட்டி), கூட ஒண்ணோ ரெண்டோ சிந்த், கோர்க் வோல்கா, மினிலாக் எக்ஸ்டி, ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக் இந்த ரகம், இப்படி ஒரு செட்டப்பை மனசுல வெச்சு எழுதறேன். எந்தக் கோளாறா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான்: இன்டர்ஃபேஸ், லேப்டாப் எல்லாத்தையும் விட்டுட்டு ஹெட்ஃபோனை நேரா சிந்த்லயே சொருகிக் கேளுங்க. அங்க நல்லா இருந்தா சிந்த் மேல தப்பு இல்ல, அதை மாத்துறதைப் பத்தி யோசிக்கவே வேணாம்.

சத்தம் வருது, ஆனா ஒல்லியா, எங்கயோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு

இது வோல்கா வாங்குன நிறைய பேருக்கு முதல் நாளே வரும். வோல்காவுல வெளிய வர்றது 3.5 மிமீ ஸ்டீரியோ ஹெட்ஃபோன் ஜாக். நாம என்ன பண்ணுவோம், ஒரு பக்கம் 3.5 ஸ்டீரியோ, மறுபக்கம் 6.35 டிஆர்எஸ் (டிப், ரிங், ஸ்லீவ்னு மூணு தொடுமுனை இருக்கிற பிளக்) இருக்கிற கேபிளை வாங்கி இன்டர்ஃபேஸ் லைன் இன்புட்ல சொருகுவோம், பார்க்க சரியாத்தான் பொருந்தும். ஆனா அந்த இன்புட் பேலன்ஸ்டு இன்புட், அது டிப்லயும் ரிங்லயும் வர்ற ரெண்டு சிக்னலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கும். வோல்கா கீஸ் மாதிரி மோனோ அவுட்புட் சிந்த்ல லெஃப்ட், ரைட் ரெண்டுலயும் அச்சு ஒரே சிக்னல், அப்போ வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம், ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும், மிச்சம் இருக்கிறதுதான் அந்த ஒல்லி சத்தம். உங்க கோளாறு இதுதானான்னு உறுதி பண்ண, வால்யூமை இறக்கி வெச்சுட்டு பிளக்கை இன்டர்ஃபேஸ்லயிருந்து மெதுவா பாதி வரைக்கும் வெளிய இழுங்க, ஒரு இடத்துல திடீர்னு முழு சவுண்டு வந்துச்சுன்னா அதேதான்.

தீர்வு, ஒரு 3.5 ஸ்டீரியோ ரெண்டு தனித்தனி 6.35 மோனோவா பிரியுற ஒய் கேபிள். சென்னைல இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க, ஆன்லைன்லயும் கிடைக்கும். மோனோ அவுட்புட் சிந்த்னா ஒரு பிளக்கை மட்டும் சொருகினாப் போதும்.

ஒல்லியா இல்லாம கரகரன்னு உடைஞ்சு வந்தா, இன்டர்ஃபேஸ்ல இன்ஸ்ட் பட்டன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அது கிட்டாருக்கு, சிந்த் அனுப்புறது லைன் லெவல், அதை ஆஃப் பண்ணிடுங்க. சிந்த் வால்யூமை முக்கால்வாசி ஏத்தி வெச்சுட்டு இன்டர்ஃபேஸ் கெயினைக் கம்மியா வெக்கணும், தலைகீழா பண்ணினா இரைச்சலும் சேர்ந்து பெருசாகும்.

கீ அழுத்துறேன், சிந்த் கண்டுக்கவே இல்ல

மூணு விஷயம் பாருங்க. முதல்ல மிடி (எந்த நோட்டை வாசிக்கணும்னு சாமான்கள் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிற மொழி) சேனல், மொத்தம் 16 இருக்கு, கீபோர்டு 1ல அனுப்பி சிந்த் 2ல காத்துட்டு இருந்தா எதுவும் நடக்காது. டிரம் மெஷின்கள் நிறைய 10ஆம் சேனல்ல இருக்கும். ரெண்டாவது, சின்ன 3.5 மிமீ மிடி ஜாக் இருக்கிற சாமான்னா டைப் ஏ, டைப் பி-ன்னு ரெண்டு வயரிங் உண்டு. 2018ல டைப் ஏதான் ஸ்டாண்டர்டுன்னு முடிவாச்சு, அதுக்கு முந்தி வந்த பீட்ஸ்டெப் ப்ரோ மாதிரி சாமான்ல டைப் பி. அடாப்டர் மாறிப் போனா எதுவும் எரியாது, வேலைதான் செய்யாது.

மூணாவதுதான் காசு போற இடம். எம்பிகே மினி மார்க் 3 மாதிரி யூஎஸ்பி மட்டும் இருக்கிற கன்ட்ரோலரை (சொந்த சவுண்டு இல்லாத கீபோர்டு) வாங்கி, அதோட யூஎஸ்பி கேபிளை சிந்த் யூஎஸ்பியில சொருகிட்டு ஏன் வரலன்னு உக்காந்திருப்பாங்க. யூஎஸ்பியில ஒரு பக்கம் கண்டிப்பா ஹோஸ்ட் இருக்கணும், கம்ப்யூட்டர் அந்த வேலையைப் பண்ணுது, இங்க ரெண்டு பக்கமும் ஹோஸ்ட் இல்லாத சாமான், ரெண்டும் சும்மா பார்த்துட்டு நிக்கும். லேப்டாப் இல்லாம வாசிக்கணும்னா 5 பின் மிடி அவுட் இருக்கிற கீபோர்டா பார்த்து வாங்குங்க, ஆர்ட்டூரியா கீஸ்டெப்ல மிடி அவுட்டும் இருக்கு, சிவி கேட் (நோட்டை வோல்டேஜா அனுப்புற பழைய முறை) அவுட்டும் இருக்கு. ஏற்கனவே யூஎஸ்பி கன்ட்ரோலர் இருக்குன்னா நடுவுல ஒரு யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் பாக்ஸ் போடணும்.

ம்ம்ம்னு ஹம், ஜ்ஜ்ஜ்னு பஸ், கீச்சுன்னு விசில்

வீட்டு ஸ்டுடியோவுல ஆளை அதிகமா நோகடிக்கிறது இதுதான், அதனால கொஞ்சம் பொறுமையா பார்ப்போம். மூணும் மூணு வேற நோய், காதுலயே பிரிச்சிடலாம்.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கீபோர்டுல அடியில இருக்கிற ஜி நோட் 49 ஹெர்ட்ஸ், அதுக்கு அடுத்த ஆக்டேவ் ஜி 98. சிந்த்ல இந்த ரெண்டு ஜியையும் வாசிச்சு ஹம்மோட ஒத்துப் பாருங்க, ஒரு நூல் மேல சுருதி சேர்ந்துச்சுன்னா அது கரண்ட் லைன்ல இருந்து வர்றதுதான், வேற எங்கயும் தேட வேணாம். கீழ் ஜியோட சேர்ந்த உருண்டையான ஹம்னா பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (சாமான்களோட எர்த் ஒண்ணுக்கு மேல வழியில சேர்ந்து வட்டமாகுறது), இல்ல பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல கேபிள் ஓடுது. மேல் ஜியோட சேர்ந்து கொஞ்சம் கூர்மையா பஸ் அடிச்சா அடாப்டர், டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர் இந்தப் பக்கம் பாருங்க. எந்த ஜியோடவும் சேராம கீச்சுன்னு விசில் வந்து, மவுஸை நகர்த்தினா ஸ்க்ரோல் பண்ணினா அது மாறுதுன்னா லேப்டாப்போட யூஎஸ்பி கிரவுண்ட் வழியா வர்ற இரைச்சல்.

இப்போ ஒவ்வொண்ணா கழட்டுங்க. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில ஓட்டுங்க. இரைச்சல் போச்சா? அப்போ சார்ஜர் எர்த், யூஎஸ்பி, சிந்த் அடாப்டர், ஆடியோ கேபிள்னு ஒரு வட்டம் உருவாகியிருக்கு. அடுத்து, சார்ஜரை மறுபடி மாட்டிட்டு சிந்த்ல இருந்து லேப்டாப்புக்குப் போற யூஎஸ்பி கேபிளை மட்டும் கழட்டுங்க, ஆடியோ கேபிள் இருக்கட்டும். இதுல போச்சுன்னா வைத்தியம் ரொம்ப சுலபம், யூஎஸ்பியை விட்டுட்டு அஞ்சு பின் மிடி கேபிள் போடுங்க.

ஏன்னு சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன். 1983 ஜனவரியில அமெரிக்காவுல நாம் (NAMM) ஷோங்கற இசைக்கருவி கண்காட்சியில சீக்வென்ஷியல் ப்ராஃபெட் 600ஐயும் ரோலண்ட் ஜூபிட்டர் 6ஐயும் ஒரே கேபிள்ல கோர்த்துக் காட்டினாங்க, ரெண்டு போட்டி கம்பெனி, ரெண்டு நாடு. அதுக்குப் பின்னாடி இருந்த டேவ் ஸ்மித்துக்கும் இகுடாரோ ககேஹாஷிக்கும் 2013ல டெக்னிக்கல் கிராமி கொடுத்தாங்க. அந்த மிடி ஸ்டாண்டர்டுல மிடி இன் பக்கம் ஒரு ஆப்டோ ஐசோலேட்டர் வெக்கணும்னு அப்பவே எழுதிட்டாங்க, சிக்னல் வெளிச்சமா மாறி அந்தப் பக்கம் போய் மறுபடி கரண்ட் ஆகும், ரெண்டு சாமானுக்கும் நடுவுல கிரவுண்ட் ஒட்டாது, லூப் வராது. யூஎஸ்பியில அந்தப் பிரிவினை கிடையாது. அதனாலதான் புது சிந்த் வாங்குறப்ப முன்னாடி இருக்கிற நாப் எத்தனைன்னு பார்க்குற மாதிரியே பின்னாடி அஞ்சு பின் மிடி இருக்கான்னும் பாருங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்.

யூஎஸ்பி இல்லாம முடியாதுன்னா யூஎஸ்பி ஐசோலேட்டர் போடலாம், ஆனா மலிவா கிடைக்கிறது ஃபுல் ஸ்பீடு, அதாவது 12 மெகாபிட், சிந்த் மிடிக்கு தாராளம், ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் பத்தாது. இல்லன்னா ஆடியோ லைன்ல கிரவுண்டைப் பிரிச்சு சிக்னலை மட்டும் கடத்துற ஒரு டிஐ பாக்ஸோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ போடுங்க. பேலன்ஸ்டு கேபிள் போட்டா எல்லாம் சரியாகிடும்னு கடையில சொல்லுவாங்க, ரெண்டு பக்கமும் பேலன்ஸ்டா இருந்தாத்தான் அதுக்கு முழு பலன். நிறைய சின்ன சிந்த்ல அவுட்புட் அன்பேலன்ஸ்டு, அங்க கேபிளை நீளம் கம்மியா வெக்கிறதுதான் வழி.

எல்லா சாமானையும் ஒரே பிளக் பாயிண்ட்ல இருந்து வர்ற ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடுங்க, பாதி இந்தச் சுவத்துல பாதி அந்தச் சுவத்துலன்னா லூப் பெருசாகும். ஒண்ணு மட்டும் பண்ணவே கூடாது: ஹம் போகுதுன்னு மூணு பின் பிளக்ல எர்த் பின்னை உடைக்கிறது, எர்த் வயரைக் கழட்டி விடுறது. ஹம் போகும், ஆனா நாளைக்கு உள்ள ஏதாவது ஷார்ட் ஆனா அந்த மெட்டல் பாடியைத் தொடுற கைக்குப் பாதுகாப்பே இல்ல. இதுக்கு எதிர்மாறாவும் நம்ம வீடுகள்ல நடக்கும், பழைய வயரிங்ல எர்த்தே வந்திருக்காது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மூணாவது ஓட்டை சும்மா இருக்கும். லேப்டாப் மெட்டல் பாடியில விரலை லேசா உரசினா சுருசுருன்னு இழுக்குதா, முதல்ல எர்த் மேலதான் சந்தேகப்படணும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 230 வோல்ட் கிட்ட வருதான்னு அளக்கச் சொல்லுங்க, நீங்களா கையை வெக்காதீங்க. சிந்த் வாங்குற பட்ஜெட்ல முதல் செலவா இதைச் செய்யலாம்.

அப்புறம் ஃபேன். ஃபேனை ஃபுல் ஸ்பீடுலயோ ஆஃப்லயோ வெச்சா பஸ் இல்ல, நடு ஸ்பீடுல மட்டும் வருதுன்னா பழைய ரக எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் காரணம், கெப்பாசிட்டர் டைப் ஸ்டெப் ரெகுலேட்டரா மாத்திடுங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப மட்டும் வருதுன்னா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், சைன் வேவ் மாத்துற வரைக்கும் அந்த நேரத்துல ரெக்கார்ட் பண்ணாதீங்க.

அடாப்டர் பத்தி ஒரு எச்சரிக்கை. வோல்கா 9 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். பாஸ் (Boss) கம்பெனியோட கிட்டார் பெடலும் 9 வோல்ட்தான், ஆனா நடு முனை நெகட்டிவ். முனை மாத்துற யுனிவர்சல் அடாப்டர் வெச்சிருக்கவங்க சொருகுறதுக்கு முன்னாடி சாமான் அடியில வட்டமா போட்டிருக்கிற பிளஸ் மைனஸ் படத்தைப் பாருங்க. வோல்காவுல இரைச்சல் அடாப்டராலயான்னு தெரிய ஒரு சுலப வழி, ஆறு ஏஏ பேட்டரி போட்டு ஓட்டிப் பாருங்க.

வாசிக்கிறது லேட்டா கேக்குது

ப்ளூடூத் ஹெட்ஃபோன்னா இங்கயே நிறுத்திடலாம், வயர் ஹெட்ஃபோன் வாங்குங்க. வேற எந்த செட்டிங்கும் அதைக் காப்பாத்தாது.

வயர்லதான்னா சாஃப்ட்வேர்ல பஃபர் சைஸைப் பாருங்க, லேப்டாப் ஒரு தடவைக்கு எவ்வளவு சவுண்டைச் சேர்த்து வெச்சு வேலை செய்யுதுங்கற எண் அது. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 1024 பஃபர்னா 23 மில்லிசெகண்ட், போறதுக்கு ஒரு தடவை வர்றதுக்கு ஒரு தடவைன்னு அது இன்னும் கூடும், விரலுக்குத் தெரியும். 128 வெச்சா 3 மில்லிசெகண்டுக்குள்ள. வாசிச்சு ரெக்கார்ட் பண்றப்ப 128, மிக்ஸ் பண்றப்ப பிளகின் நிறைய இருக்கும்போது 512, 1024 வெச்சுக்கோங்க. விண்டோஸ்ல இன்டர்ஃபேஸ் கம்பெனியோட சொந்த ஏசியோ டிரைவர் போடாம விண்டோஸ் டிரைவர்லயே ஓட்டினா பஃபர் குறைச்சும் பலன் இருக்காது. 128ல டப் டப்னு வெடிக்குதுன்னா உடனே லேப்டாப்பை மாத்தணும்னு இல்ல, வைஃபை ஆஃப் பண்ணிப் பாருங்க, பவர் மோடை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க, ட்ராக்கை ஃப்ரீஸ் பண்ணுங்க.

ஹார்டுவேர் சிந்த்ல இன்னொரு சௌகரியம் இருக்கு, அதோட சவுண்டு லேப்டாப்புக்குள்ள போய்த்தான் வரணும்னு இல்ல. இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர் பட்டனை ஆன் பண்ணினா லேட்டே கிடையாது. ஆனா அப்போ சாஃப்ட்வேர்ல அந்த ட்ராக்கோட மானிட்டரிங்கை ஆஃப் பண்ணணும், ரெண்டும் ஆன்ல இருந்தா ஒவ்வொரு நோட்டும் ரெட்டையா, குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும்.

ஒரே கீயை ஒரு தடவை அழுத்தினா சிந்த் ரெண்டு தடவை அடிக்குதுன்னா அது வேற கதை. சிந்த் கீபோர்டு தன் சவுண்டையும் வாசிக்குது, மிடி வழியா சாஃப்ட்வேருக்கும் போய் அங்க இருந்து திரும்பி வந்து மறுபடி வாசிக்குது. சிந்த் மெனுவுல லோக்கல் கன்ட்ரோல் ஆஃப். ஆனா இதைப் பண்ணி வெச்சுட்டு ஆறு மாசம் கழிச்சு லேப்டாப் இல்லாம ஆன் பண்ணி "கீபோர்டு செத்துப் போச்சு"ன்னு சர்வீஸ் தேடுறவங்களும் உண்டு, லோக்கல் ஆஃப்ல இருக்கான்னு முதல்ல பாருங்க.

டிரம் மெஷினும் சிந்தும் ஒண்ணா ஓட மாட்டேங்குது

ரெட்டை வேகம், பாதி வேகம், இல்ல தலை தெறிக்கிற வேகம்னா கணக்குத் தப்பு. மிடி கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. வோல்காவோட சின்ன சிங்க் ஜாக் எதிர்பார்க்குறது பீட்டுக்கு 2 தான். 24 அனுப்புற சாமானை நேரா வோல்கா சிங்க்ல விட்டா பன்னிரண்டு மடங்கு வேகத்துல பறக்கும். கீஸ்டெப்ல இந்த எண்ணிக்கையை மாத்திக்கலாம், அங்க 2ன்னு வைங்க.

வேகம் சரி, ஆனா தள்ளாடுதுன்னா, ஒரே சிந்துக்கு யூஎஸ்பியிலயும் மிடி கேபிள்லயும் ரெண்டு வழியா கிளாக் போகுதான்னு பாருங்க, ஒண்ணை ஆஃப் பண்ணுங்க. அப்பவும் ஆடினா லேப்டாப்பை மாஸ்டரா வெக்காம டிரம் மெஷினை மாஸ்டரா வெச்சு லேப்டாப்பை அதைத் தொடர விடுங்க, ஹார்டுவேர் கிளாக் பொதுவா நிதானமா ஓடும்.

பழைய ரோலண்ட் சாமான் வாங்குறவங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். டிஆர் 808, டிபி 303 ரெண்டுலயும் பின்னாடி இருக்கிற அஞ்சு பின் சாக்கெட் மிடி மாதிரியே இருக்கும், ஆனா அது மிடி வர்றதுக்கு முந்தின டின் சிங்க், ஸ்டார்ட் ஸ்டாப்பும் பீட்டுக்கு 24 துடிப்பும் மட்டும்தான் அதுல போகும், நோட் போகாது. 1982ல பம்பாய்ல சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 808, 303, ஜூபிட்டர் 8 மூணையும் வெச்சு ராகங்களை வாசிச்சு ரெக்கார்ட் போட்டாரே, அப்போ மிடின்னு ஒண்ணு வெளியவே வரல. அந்தக் காலத்து சாமானை இன்னைக்கு லேப்டாப்போட சேர்க்கணும்னா நடுவுல மிடியை டின் சிங்கா மாத்துற ஒரு பாக்ஸ் வேணும், அதையும் விலையில சேர்த்துக் கணக்குப் பண்ணுங்க.

சுருதி நிக்கல

அனலாக் ஆசிலேட்டர்னா ஆன் பண்ணி ஒரு கால் மணி நேரம் சூடாக விடுங்க, அப்புறம் ட்யூன் பண்ணுங்க. ஏசி போட்டு ரூம் குளிர்ந்தா மறுபடி நகரும், அது கோளாறு இல்ல, அந்தச் சர்க்யூட்டோட இயல்பு. இது தொந்தரவுன்னு நினைக்கிறவங்க டிஜிட்டல் ஆசிலேட்டர் இருக்கிற சிந்தா பார்த்து எடுங்க, மைக்ரோஃப்ரீக் சுருதி நகராது.

சிவி கேபிள்ல ஓட்டுறப்ப ஒரு ஆக்டேவ்ல சரியா இருந்து மேல போகப் போக விலகுதுன்னா சிவி ஸ்டாண்டர்டு மாறிப் போச்சு. பெரும்பாலான சாமான் ஆக்டேவுக்கு 1 வோல்ட், அதாவது ஒரு செமிடோனுக்கு 83 மில்லிவோல்ட் சொச்சம். 1978ல வந்த கோர்க் எம்எஸ் 20யும் அதோட 2013 மினியும் ஹெர்ட்ஸ் பர் வோல்ட், நோட் எப்போ ஆன் ஆஃப்னு சொல்ற கேட் சிக்னலும் தலைகீழ். எந்த ட்யூனிங் நாபைத் திருப்பியும் இது சரியாகாது, ரெண்டையும் தர்ற சீக்வென்ஸரோ மிடியோதான் வழி.

பாட்டு முழுக்க ஒண்ணரை செமிடோன் ஏறிப் போய் வேகமும் கூடியிருந்தா ட்யூனிங்கே இல்ல, 44.1ல ரெக்கார்ட் பண்ணின ஃபைல் 48ல ஓடுது. இறங்கிப் போயிருந்தா அதோட மறுபக்கம். ப்ராஜெக்ட்லயும் இன்டர்ஃபேஸ்லயும் ஒரே சாம்பிள் ரேட் வைங்க.

நம்ம ராகம் வாசிக்கிறவங்களுக்கு வர்ற தனி அறிகுறி: கமகம் போடுறப்ப ஸ்வரம் எங்கயோ தாண்டிப் போயிடுது, இல்ல எட்டவே மாட்டேங்குது. பிட்ச் பெண்ட் ரேஞ்ச்தான், அதாவது பெண்ட் வீல் சுருதியை எவ்வளவு தூரம் இழுக்கும்ங்கற அளவு. சிந்த்ல 2 செமிடோன்னும் சாஃப்ட்வேர்ல 12ன்னும் இருந்தா நீங்க ஒண்ணுல வாசிச்ச காம்போதி இன்னொண்ணுல வேற ஏதோவா கேக்கும். ரெண்டு பக்கமும் ஒரே எண் வைங்க. ஒரே நேரத்துல பல நோட் வாசிக்கிற பாலிஃபோனிக் சிந்த்ல சுருதிப் பெட்டி மாதிரி ஸ-ப பிடிச்சுக்கிட்டு மேல வாசிச்சா பெண்ட் வீல் ஸவையும் பவையும் சேர்த்தே இழுக்கும், அதனால சுருதியை வேற சிந்த்லயோ வேற சேனல்லயோ விடுங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே ராகத்துக்குப் பெரிய பாலி சிந்த்தை விட நல்ல பெண்ட் வீலும் போர்ட்டமென்ட்டோவும் (ஒரு நோட்ல இருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போறது) இருக்கிற, ஒரு நேரத்துல ஒரே நோட் வாசிக்கிற மோனோ சிந்த் மேல்னு நான் சொல்லுவேன். ஸ்வரஸ்தானத்தையே நுணுக்கமா மாத்தணும்னா மைக்ரோட்யூனிங் வேணும், கோர்க் மோனோலாக்ல அது இருக்கு.

கார்டு வாசிச்சா ஒரு நோட் காணாமப் போகுது

வாய்ஸ் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்துல எத்தனை நோட் ஒலிக்கும்ங்கறது. மினிலாக் எக்ஸ்டி நாலு வாய்ஸ், அஞ்சாவது விரல் வெச்சா முதல் நோட்டை அது திருடிக்கும். நாலு நோட் கார்டே வாசிச்சாலும் ரிலீஸ் (விரலை எடுத்த பிறகு சத்தம் இழுக்கிற நேரம்) நீளமா இருந்தா பழைய கார்டோட வால் வெட்டுப்படும், ரிலீஸைக் குறைச்சு ரிவெர்ப்பைக் கூட்டிப் பாருங்க, பாதி நேரம் அதுவே போதும். நீளமா இழுக்கிற பேட் சவுண்டுதான் உங்க மியூசிக்னா ஆறு வாய்ஸ் மினிஃப்ரீக்கோ பன்னிரண்டு வாய்ஸ் டீப்மைண்ட் 12ஓ பாருங்க. நோட் போகல, ஆனா புது விரல் வெக்கும்போதெல்லாம் மொத்த கார்டும் வாவ்னு திறக்குதுன்னா அது பாராஃபோனிக், மைக்ரோஃப்ரீக்ல நாலு நோட் வந்தாலும் ஃபில்டர் ஒண்ணே ஒண்ணுதான். கோளாறு இல்ல, அதுக்கேத்த மாதிரி வாசிக்கணும்.

மெதுவா அடிச்சாலும் பலமா அடிச்சாலும் ஒரே சத்தம்

கீபோர்டுல வெலாசிட்டி (அடிக்கிற பலத்தை அளக்கிறது) இருந்தாப் போதாது, வாங்கிக்கிற சிந்துக்கும் அது புரியணும். முதல் வோல்கா எஃப்எம் மிடி நோட்ல வர்ற வெலாசிட்டியைக் கண்டுக்காது, சிசி 41ங்கற மிடி கன்ட்ரோல் மெசேஜ்ல தனியா அனுப்பணும், எஃப்எம் 2ல அதைச் சரி பண்ணி வாய்ஸையும் மூணுல இருந்து ஆறாக்கிட்டாங்க. செகண்ட் ஹேண்ட்ல எடுக்கிறப்ப எது எதுன்னு பார்த்து எடுங்க.

நோட் நிக்கவே மாட்டேங்குது

சாஃப்ட்வேர்ல பேனிக் பட்டன் அழுத்துங்க. திரும்பத் திரும்ப வந்தா சஸ்டெயின் பெடல், மிதிக்காதப்ப நீளுது மிதிச்சா நிக்குதுன்னா போலாரிட்டி தலைகீழ், சிந்த்தை ஆஃப் பண்ணி பெடலை மிதிக்காம சொருகி வெச்சு ஆன் பண்ணுங்க, நிறைய சிந்த் தானா புரிஞ்சுக்கும்.

நாப் திருப்பினா கரகரன்னுது, செட் பண்ணினது அழிஞ்சு போகுது

கடலோர ஊர்ல ஈரப்பதமும் தூசியும் சேர்ந்து பொட்டென்ஷியோமீட்டரைத் தின்னும். முதல்ல ஆஃப் பண்ணிட்டு அந்த நாபை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நிறைய தடவை திருப்புங்க, லேசான கரகரப்பு இதுலயே போகும். போகலன்னா எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர், சைக்கிள் செயினுக்கு அடிக்கிற சாதா டபிள்யூடி 40 வேணாம். வாசிக்காத நேரம் துணி போட்டு மூடி, பெட்டியில வெக்கிறதா இருந்தா கூட சிலிக்கா ஜெல் போடுங்க.

பழைய சிந்த்ல பேட்ச் (சேமிச்சு வெச்ச சவுண்டு) எல்லாம் அழிஞ்சு போனா உள்ள இருக்கிற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். 1983ல வந்த டிஎக்ஸ் 7லயும் 1984ல வந்த ஜூனோ 106லயும் அது சால்டர் பண்ணியிருக்கும், அதனால பேட்டரி உயிரோட இருக்கிறப்பவே பேட்ச்களை வெளிய எடுத்து வெச்சுட்டு, சால்டரிங் தெரிஞ்சவர் கிட்ட கொடுத்து ஹோல்டர் போட்டு மாத்துங்க. ஜூனோ 106 வாங்கப் போறீங்கன்னா கையோட ஒரு டெஸ்ட்: ஒரே கீயைத் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருங்க, ஆறு வாய்ஸும் மாறி மாறி வரும். சில அடியில மட்டும் சத்தம் காணோம், இல்ல பொரியுதுன்னா அந்த வாய்ஸ் சிப் போயிடுச்சு, கறுப்பு எபாக்ஸி பூசின 80017ஏங்கற சிப், இந்த மாடலுக்கே தெரிஞ்ச வியாதி. அதை மாத்துற செலவைக் கழிச்சு விலை பேசுங்க.

பேஸ்ல ஒரே ஒரு நோட் மட்டும் ரூமையே அதிர வெக்குது

சிந்த், ஸ்பீக்கர் ரெண்டும் நிரபராதி. பத்தடிக்குப் பத்தடி ரூம்னா ரெண்டு சுவத்துக்கும் நடுவுல 57 ஹெர்ட்ஸ் கிட்ட அலை நின்னுக்கும், அது கீழ் ஏக்கும் ஏ ஷார்ப்புக்கும் நடுவுல. அந்த நோட் சுவர் ஓரத்துல குமுறும், ரூம் நட்டநடுவுல காணாமப் போகும். நடந்து பார்த்தா உங்களுக்கே தெரியும். இதுக்கு சப் வூஃபர் வாங்கினா இன்னும் மோசமாகும். உக்காருற இடத்தை நடுவுல இருந்து கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ நகர்த்துங்க, ஸ்பீக்கர் பின்னாடி ஓட்டை இருக்கிற ரகம்னா சுவத்துல இருந்து தள்ளி வைங்க, மூலைகள்ல கனமான ராக் வூல் பேனல் நிறுத்துங்க. முட்டை அட்டை பேஸை ஒண்ணும் பண்ணாது. பேஸ் அளவை முடிவு பண்றப்ப ஹெட்ஃபோன்ல ஒரு தடவை கேட்டுக்கோங்க.

மிக்ஸர்ல தனித்தனியா இருக்கு, ரெக்கார்டிங்ல எல்லாம் ஒரே ட்ராக்கா வருது

மூணாவது சிந்த் வந்ததும் எல்லாரும் ஒரு யூஎஸ்பி மிக்ஸர் வாங்குவாங்க, எட்டு சேனல்னு அட்டையில போட்டிருக்கும். விலை கம்மியான மிக்ஸர்கள்ல பெரும்பாலும் யூஎஸ்பி வழியா போறது ரெண்டே ரெண்டு சேனல், கலந்து முடிச்ச ஸ்டீரியோ மட்டும்தான், அப்புறம் கிக்கை மட்டும் குறைக்கணும்னா முடியாது. செட்டிங் எதுவும் இல்ல, அது அவ்வளவுதான். இருக்கிற மிக்ஸரை வெச்சே ஓட்டணும்னா ஒரு தடவைக்கு ஒரு சிந்தா மிடியில ஓட விட்டு ஒவ்வொரு ட்ராக்கா பிடிங்க. புதுசா வாங்குறதா இருந்தா மல்டிட்ராக் யூஎஸ்பின்னு தெளிவா போட்டிருக்கான்னு பாருங்க, இல்லன்னா யூஎம்சி 1820 மாதிரி எட்டு அனலாக் இன்புட் இருக்கிற இன்டர்ஃபேஸ் எடுங்க. எண்ணும்போது ஸ்டீரியோ சிந்த் ஒவ்வொண்ணும் ரெண்டு இன்புட் சாப்பிடும், மினிலாக் எக்ஸ்டி ரெண்டு, ஸ்டீரியோ டிரம் மெஷின் ரெண்டு, மோனோ பேஸ் ஒண்ணு, அங்கயே அஞ்சு ஆச்சு. அடுத்து வாங்கப் போற சிந்துக்கு இன்புட் இருக்கான்னு எண்ணிப் பார்த்துட்டு கடைக்குப் போங்க.